முரளி ஏன் ஹட்ரிக் எடுக்கவில்லை? மீண்டும் மீண்டும் நிகழும் சாரா நிகழ்ச்சிகள்

டெஸ்ட் கிரிக்கெட்டில் முத்தையா முரளிதரன் வீசிய பந்துகள் 44,039. எடுத்த விக்கெட்டுகள் 800. கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த இவரை இதுவரை ஒருவரும் எட்டிப் பிடிக்கவில்லை. ஆனால் டெஸ்டில் அவர் பெயரில் ஒரு ஹட்ரிக்கூட இல்லை. தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் என்பது அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. மொத்தமே 64 டெஸ்ட் விக்கெட் எடுத்த நுவன் சொய்சா 1999இல் ஹராரேயில் தமது முதல் ஓவரின் முதல் மூன்று பந்துகளிலேயே அதைச் செய்துவிட்டார். ரங்கன ஹேரத் 2016இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் செய்தார்.

இது துரதிர்ஷ்டமா, அல்லது எதிர்பார்க்க வேண்டியதுதானா? தேநீர்க் கடையில் இதைப் பேசத் தொடங்கினால் இரவு ஆகிவிடும். தரம் 11 நிகழ்தகவுப் பாடம் தெரிந்தவருக்கு அரைப்பக்கக் கணக்கு போதும். அந்த அரைப்பக்கத்தை நீங்களே எழுதும் அளவுக்கு உங்களைக் கொண்டுபோவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்குத் தேவையானவை மூன்று: எப்போது பெருக்கலாம் என்று தெரிவது, ‘குறைந்தது ஒன்று’ என்ற சொல்லைக் கையாள்வது, வழிகளை எண்ணுவது. மூன்றிலும் மாணவர் புள்ளியிழப்பது பெரும்பாலும் முதலாவதில். ஆகவே அங்கே சற்று நின்றுதான் போகப்போகிறோம்.

பெருக்கல் எங்கிருந்து வருகிறது

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம், உலகக் கிண்ண இறுதியாட்டம். தோனி நாணயத்தைச் சுண்டினார். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான குமார் சங்கக்கார சொன்னது கூட்டத்தின் இரைச்சலில் மத்தியஸ்தர் ஜெஃப் க்ரோவின் காதில் சரியாக விழவில்லை. மறுபடி சுண்டச் சொன்னார். இரண்டாவது தடவை சங்கக்கார வென்று, துடுப்பெடுத்தாட முடிவு செய்தார்.

நமக்கு வேண்டியது வேறு கேள்வி. முதல் தடவை தலை விழுந்ததா பூ விழுந்ததா என்பது இரண்டாவது தடவையைப் பாதிக்குமா? பாதிக்காது. நாணயத்துக்கு நினைவு கிடையாது. முதலாவது எப்படி முடிந்திருந்தாலும் இரண்டாவதில் தலை விழும் நிகழ்தகவு 1/2 தான். ஒன்றின் முடிவு மற்றதன் நிகழ்தகவை மாற்றாதபோது அவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்கிறோம்.

இனி, இரண்டு தடவையும் தலை விழ நிகழ்தகவு என்ன? சூத்திரத்தை மறந்துவிடுங்கள். கோடாத நாணயம் ஒன்றை இரண்டிரண்டு தடவையாக, 1000 சோடிகள் சுண்டுவதாக எண்ணிப் பாருங்கள். முதல் தடவை ஏறக்குறைய 500 சோடிகளில் தலை. அந்த 500இலும் இரண்டாவது தடவை ஏறக்குறைய பாதியில், அதாவது 250இல், மறுபடி தலை. 1000இல் 250 என்றால் கால் பங்கு. பாதியின் பாதி: 1/2 × 1/2 = 1/4. பெருக்கல் விதி இவ்வளவுதான். மரவரிப்படத்தில் கிளை வழியே போகும்போது பெருக்குவதும் இதையேதான். பங்கின் பங்கை எடுக்கிறோம்.

‘ஏறக்குறைய’ என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணிதவியலாளர் பொழுதுபோகாமல் நாணயத்தை 10,000 தடவை சுண்டிக் குறித்துவைத்தார். தலை விழுந்தது 5,067 தடவை. சரியாக 5,000 வரவில்லை, வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

தடவை கூடினால் அடுக்கு கூடும். 3 தடவையும் தலை: (1/2)³ = 1/8. 10 தடவையும் தலை: 1/1024. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தொடங்கி 2025 டிசம்பர் வரை இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 20 நாணயச் சுழற்சிகளைத் தோற்றது. குறிப்பிட்ட 20 சுழற்சிகளையும் தோற்க நிகழ்தகவு (1/2)²⁰, அதாவது 10,48,576இல் ஒன்று. அப்படியானால் 21ஆவதை வெல்ல வாய்ப்பு எவ்வளவு? இதே பத்து லட்சக் கணக்கைக் காட்டி ‘இனியும் தோற்பது நடக்காத காரியம்’ என்று சொன்னவர்கள் பலர். விடை 1/2. நடந்து முடிந்த 20இன் நிகழ்தகவு இப்போது 1, நடந்துவிட்டதே! மீதியிருப்பது ஒரே ஒரு சுண்டல்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் லொத்தர்ச் சீட்டு வாங்குபவர் ‘நேற்றுக் கடைசி இலக்கம் 7 வந்தது, இன்றைக்கு வராது’ என்று சீட்டைத் திருப்பிக் கொடுப்பதும் இதே தவறுதான். ‘7 ரொம்ப நாளாக வரவில்லை, இன்றைக்கு வந்தே தீரும்’ என்று தேடி வாங்குபவரும் அவருக்குச் சளைத்தவரல்லர்.

பெருக்கக் கூடாத இடங்கள்

பல்லேகல மைதானத்தில் 2023 செப்டம்பர் 2ஆம் திகதி நடந்த இந்திய, பாகிஸ்தான் ஆசியக் கிண்ணப் போட்டி மழையால் முடிவின்றிக் கைவிடப்பட்டது. அப்படியான பருவத்தில் இரண்டு நாள் போட்டி ஒன்றை ஒழுங்கு செய்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மழையின்றிப் போக நிகழ்தகவு 0.3 என்றால், இரண்டு நாளும் மழையின்றிப் போக 0.3 × 0.3 = 0.09 என்று எழுதலாமா?

கூடாது. கண்டியில் ஐப்பசி மழையைப் பார்த்தவர் எவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். மழை பிடித்தால் நாள் கணக்கில் பிடிக்கும், வெளித்தால் சேர்ந்தாற்போல் சில நாள் வெளிக்கும். இன்றைய நிலை நாளைய நிகழ்தகவை மாற்றுகிறது. மழையில்லாத நாளுக்கு அடுத்த நாளும் மழையில்லாதிருக்க நிகழ்தகவு 0.8 என வினாவில் தந்திருந்தால், விடை 0.3 × 0.8 = 0.24. முன்னைய விடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்! கவனியுங்கள், இங்கும் பெருக்கத்தான் செய்தோம். ஆனால் இரண்டாவது கிளையில் எழுதிய எண் வேறு. முதல் கிளை எங்கே போனது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது கிளையின் எண்ணை எழுத வேண்டும். சாரா நிகழ்ச்சிகளில் மட்டுமே அந்த எண் எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்கும்.

பரீட்சையில் இதே பொறி வேறு உருவில் வரும். ஒரு பெட்டியில் 10 வெண்ணெய்ப்பழங்கள், அவற்றில் 2 அழுகியவை. எழுமாறாக ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்துக் கலக்கி, மறுபடி ஒன்றை எடுத்தால், இரண்டும் அழுகியதாக இருக்க நிகழ்தகவு 2/10 × 2/10 = 1/25. திரும்ப வைக்காமல் எடுத்தால் 2/10 × 1/9 = 1/45. சந்தையில் அழுகிய பழத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கும் வாடிக்கையாளர் யாரும் இல்லை, வியாபாரிதான் வைப்பார். ஆகவே வினாவில் ‘மீண்டும் இடப்பட்டு’, ‘மீண்டும் இடப்படாமல்’ என்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடிட்ட பிறகே பேனாவைத் தொடுங்கள்.

‘குறைந்தது ஒன்று’ என்றால் பின்பக்கமாகப் போங்கள்

பாடநூல் சொல்லும் தாயக்கட்டை ஆறு முகமுள்ள கனக்கட்டை. மலையகத்து வீடுகளில் உருட்டும் பித்தளைத் தாயம் வேறு: நான்கு பக்கமுள்ள நீளக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் பக்கங்களிலும் 0, 1, 2, 3 புள்ளிகள். ஒன்றில் 1, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காயை இறக்கலாம். இரண்டு கட்டைகளும் கோடாதவை எனக் கொண்டு நெய்யரி வரைந்தால் 16 புள்ளிகள். அவற்றில் (0, 1), (1, 0) என்ற இரண்டு மட்டுமே தாயம். எனவே தாயம் விழ நிகழ்தகவு 2/16 = 1/8.

கேள்வி: 5 தடவை உருட்டினால் குறைந்தது ஒரு தடவையாவது தாயம் விழ நிகழ்தகவு என்ன?

வகுப்பில் கேட்டால் முதலில் எழும் குரல், “சேர், ஐந்து எட்டில் ஒன்று, அப்போ 5/8!” அப்படியானால் 8 தடவை உருட்டினால் 8/8, தாயம் நிச்சயம். 9 தடவை உருட்டினால் 9/8. ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்தகவு கிடையாது என்பதால் கூட்டும் வழி அங்கேயே அடிபட்டுப் போகிறது. எட்டுத் தடவை உருட்டியும் காய் இறங்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கூட்டுவதில் என்ன பிழை? முதல் தடவையும் மூன்றாம் தடவையும் தாயம் விழுந்த ஆட்டத்தை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம்.

சரியான வழி நிரப்பி. ‘குறைந்தது ஒன்று’ என்பதற்கு எதிர் ‘ஒன்றும் இல்லை’. ஒன்றும் இல்லை என்றால் ஐந்து தடவையும் தாயம் விழாமல் போக வேண்டும். ஒரே ஒரு வழி, ஒரே ஒரு பெருக்கல்:

(7/8)⁵ = 16807/32768 ≈ 0.513

ஆகவே குறைந்தது ஒரு தாயம்: 1 − 0.513 = 0.487. பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறு தடவை உருட்டினால் (7/8)⁶ ≈ 0.449, எனவே 0.551. பந்தயம் கட்டுபவர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கவனிக்க வேண்டும். 1654இல் பிரான்சில் பஸ்காலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்தில், டி மெரே என்ற கனவானை அலைக்கழித்த கேள்வியும் இதே வகைதான். ஆறுமுகக் கட்டை ஒன்றை 4 தடவை உருட்டிக் குறைந்தது ஒரு ஆறு விழ 1 − (5/6)⁴ ≈ 0.518. அங்கே பந்தயம் கட்டலாம். இரண்டு கட்டைகளை 24 தடவை உருட்டி ஒரு தடவையாவது இரட்டை ஆறு விழ 1 − (35/36)²⁴ ≈ 0.491. அங்கே கட்டினால் நட்டம். 6க்கு 4 என்றால் 36க்கு 24 என்ற விகிதக் கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது.

சோகி உருட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோகி நிமிர்ந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சமவாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் இரண்டு பக்கமும் ஒரே வடிவமல்ல. நூறு தடவை உருட்டி எண்ணிப் பார்த்து, கிடைத்த பின்னத்தை வைத்துக் கணக்குச் செய்யுங்கள். மீதி முறையில் எந்த மாற்றமும் இல்லை.

‘சரியாக இத்தனை’ என்றால் வழிகளை எண்ணுங்கள்

மூன்று போட்டித் தொடரில் சரியாக இரண்டு நாணயச் சுழற்சிகளை வெல்ல நிகழ்தகவு? வெற்றி, வெற்றி, தோல்வி என்ற வரிசைக்கு 1/8. ஆனால் தோல்வி முதலிலும் வரலாம், நடுவிலும் வரலாம். மூன்று வழி, ஒவ்வொன்றும் 1/8, ஒன்று நடந்தால் மற்றது நடவாது. ஆகவே இங்கே கூட்டலாம்: 3/8. தாயத்தில் கூட்டக் கூடாது, இங்கே கூட்டலாம் என்றால் வேறுபாடு இதுதான்: இங்கே ஒவ்வொரு வழியும் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிய முழு வரிசை. ஒரே தொடர் இரண்டு வரிசைகளில் அகப்படாது.

இனி முரளியிடம் போவோம். 44,039 ÷ 800 ≈ 55. சராசரியாக 55 பந்துக்கு ஒரு விக்கெட். ஒரு பந்தில் விக்கெட் விழ நிகழ்தகவு 1/55 என்றும் பந்துகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் தற்போதைக்கு எடுத்துக்கொள்வோம். இந்த எடுகோளைப் பிறகு உதைத்துப் பார்ப்போம்.

ஒரு ஓவரில் விக்கெட்டே விழாமல் இருக்க: (54/55)⁶ ≈ 0.896. குறைந்தது ஒரு விக்கெட் விழ 0.104. சரியாக ஒன்று விழ வேண்டுமானால், அது ஆறு பந்தில் எந்தப் பந்திலும் இருக்கலாம் என்பதால் 6 × (1/55) × (54/55)⁵ ≈ 0.0995. இரண்டையும் கழித்தால் ஒரே ஓவரில் இரண்டோ அதற்கு மேலோ விழ ஏறக்குறைய 0.005, ஆயிரம் ஓவரில் ஐந்து.

பத்து ஓவர் தொடர்ந்து வெறுங்கையோடு போக? (54/55)⁶⁰ ≈ 0.333. மூன்றில் ஒன்று! உலகின் அதிகூடிய விக்கெட்டுகளை எடுத்தவரே பத்து ஓவர் வீசியும் ஒன்றும் கிடைக்காமல் போவது சர்வசாதாரணம். ‘இன்றைக்குப் பந்து சுழலவில்லை’ என்று வர்ணனையாளர் விளக்கம் சொல்லும் வேளைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

அந்த ஹட்ரிக்

குறிப்பிட்ட மூன்று பந்துகளிலும் விக்கெட் விழ நிகழ்தகவு (1/55)³ = 1/1,66,375. மிகச் சிறியது. இந்த எண்ணோடு நிறுத்திவிட்டால் ‘ஹட்ரிக் என்பது அதிசயம்’ என்று மட்டுமே சொல்ல முடியும். ஆனால் முரளி மூன்று பந்து மட்டும் வீசியவர் அல்லர். எத்தனை சந்தர்ப்பம் கிடைத்தது என்று எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு எளிய வழி இது. ஹட்ரிக்கின் முதல் விக்கெட் அவருடைய 800 விக்கெட்டுகளில் ஏதோ ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு விக்கெட்டுக்குப் பின்னும் அடுத்த இரண்டு பந்துகளிலும் விக்கெட் விழுந்தால் ஹட்ரிக். அதன் நிகழ்தகவு (1/55)² = 1/3025. ஆகவே 800 தடவை முயன்று, ஒவ்வொன்றிலும் வெற்றி வாய்ப்பு 1/3025. தாயக் கணக்கின் அதே உருவம்; எண்கள்தான் வேறு. ஒன்றுமே கிடைக்காமல் போக:

(3024/3025)⁸⁰⁰ ≈ 0.768

குறைந்தது ஒரு ஹட்ரிக் கிடைக்க 1 − 0.768 = 0.232. ஆக, முரளி முழு வாழ்நாளும் வீசியும் ஹட்ரிக் எடுக்காமல் ஓய்வுபெறுவதுதான் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எதிர்பார்க்கத்தக்கது. அவர் ஒன்று எடுத்திருந்தால்தான் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொய்சா எடுத்ததைப் பற்றி என்ன சொல்வது? 64 விக்கெட்டுக்கு ஹட்ரிக் எடுப்பது அவருக்கு மிகவும் அரிது. ஆனால் டெஸ்ட் ஆடிய பந்துவீச்சாளர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினால், அவர்களில் யாரோ ஒரு சிலருக்கு அது வாய்த்தே ஆகும். அந்தச் சிலரை நாம் பிறகு பெயர் சொல்லி ஆச்சரியப்படுகிறோம்.

இப்போது எடுகோளை உதைப்போம். பந்துகள் உண்மையில் சாராதவையா? முழுக்க அல்ல. புதிதாக வந்து நிற்பவர் கண் பழகாதவர். கடைசித் துடுப்பாட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஆகவே விக்கெட் விழுந்த உடனே அடுத்த பந்தில் விழும் வாய்ப்பு 1/55ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அது 1/30 என்று ஒரு பேச்சுக்கு வைத்துப் பாருங்கள்: (1/30)² = 1/900, (899/900)⁸⁰⁰ ≈ 0.411. அப்படி இருந்தால் ஹட்ரிக் கிடைத்திருக்கும் வாய்ப்பு 0.589, விடை மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் இழுக்கும் காரணமும் உண்டு: எதிரணி தன் இரண்டாவது இன்னிங்ஸிலும் முழுவதுமாக ஆட்டமிழந்துவிட்டால், கடைசி விக்கெட்டுக்குப் பின் அந்தப் போட்டியில் அடுத்த பந்து இல்லை. காலியில் 2010 ஜூலையில் அவருடைய 800ஆவது விக்கெட் அப்படித்தான் விழுந்தது. அதற்குப் பின் அவர் டெஸ்டில் பந்து வீசவே இல்லை.

1/30 என்பது நான் வைத்துப் பார்த்த எண், அளந்த எண் அல்ல. ஆனால் எடுகோள் சற்று நகர்ந்தால் விடை எவ்வளவு தூரம் நகரும் என்பதை அது காட்டுகிறது. எனவே இப்படியான கணக்கின் கீழே ‘ஒவ்வொரு பந்தும் சாராதது, நிகழ்தகவு 1/55 எனக் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி எழுதுங்கள். பரீட்சையில் புள்ளி கிடைக்கிறதோ இல்லையோ, வாதத்தில் தப்பித்துக்கொள்ளலாம்.

அஸ்கிரியவில் 2002 ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக முரளி ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்தார். பத்தாவதைச் சமிந்த வாஸ் எடுத்துவிட்டார். அதை 1/55ஐ வைத்துக் கணக்கிட முயலாதீர்கள். அந்த ஆடுகளத்தில் அன்றைய முரளிக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

பயிற்சி

முதலாவது. உயர்தரப் பௌதிகவியல் பல்தேர்வு வினாக்களுக்கு ஐந்து விடைகள் தரப்படும். நேரம் போதாமல் கடைசி 4 வினாக்களுக்கும் எழுமாறாகக் கோடிடுகிறீர்கள். குறைந்தது ஒன்று சரியாக இருக்க நிகழ்தகவு? எல்லாம் பிழையாக (4/5)⁴ = 256/625, எனவே 369/625 ≈ 0.59. வெறுமனே விடுவதைவிடக் கோடிடுவது மேல்.

இரண்டாவது. லொத்தர்ச் சீட்டின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை சமவாய்ப்புடையது. கடைசி இலக்கம் ஒரு தடவையாவது பொருந்தும் வாய்ப்பு பாதியைத் தாண்டக் குறைந்தது எத்தனை குலுக்கல்களுக்குச் சீட்டு வாங்க வேண்டும்? (0.9)⁶ ≈ 0.531, (0.9)⁷ ≈ 0.478. எனவே 7. ஐந்து என்று எழுதியவர் டி மெரேக்குத் துணைக்குப் போகலாம்.

மூன்றாவது. முரளி இரண்டு ஓவரில் குறைந்தது ஒரு விக்கெட் எடுக்க நிகழ்தகவு 0.104இன் இரு மடங்கு, 0.208 என்று உங்கள் நண்பர் சொல்கிறார். சரியான விடை 1 − (54/55)¹² ≈ 0.198. மீதி 0.01 எங்கே போனது? இரண்டு ஓவரிலும் விக்கெட் விழும் ஆட்டங்கள் அவை. நண்பர் இருமுறை எண்ணிவிட்டார். 0.104 × 0.104ஐப் பெருக்கிச் சரிபாருங்கள்.

நான்காவதுக்கு விடை தரப்போவதில்லை. ஒரு பித்தளைத் தாயச் சோடியை எடுத்து, தாயம் விழும்வரை உருட்டி, எத்தனையாவது தடவையில் விழுந்தது என்று குறியுங்கள். இப்படி 40 ஆட்டம் ஆடி, முதல் ஐந்து தடவைக்குள் விழுந்த ஆட்டங்களை எண்ணுங்கள். 19 அல்லது 20க்குக் கிட்ட வர வேண்டும். 10க்குக் கீழே வந்தால் கட்டையைச் சந்தேகியுங்கள்; பக்கம் தேய்ந்திருக்கக் கூடும்.